பையன்களைச் சிறைச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் திருந்துவார்களா? சங்கத்தில் ஒரே வாக்குவாதம்

படகுத்துறை (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். பாகான் டாலாம் பக்கம் ஒரு சின்னச் சங்கத்துக்கு நான் செயலாளர். கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு கூட்டம், இருபது நாற்காலி போடுவோம், பன்னிரண்டில்தான் ஆள் இருக்கும், அவ்வளவுதான் நாங்கள். இந்த வருடம் அதிசயமாக 18,000 வெள்ளி (ரிங்கிட்) நன்கொடை வந்திருக்கிறது. இளைஞர்களுக்குச் செலவு செய்யுங்கள் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை.

எங்கள் வட்டாரத்தில் படிவம் 1, 2, 3 படிக்கிற, அல்லது படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வெளியே சுற்றுகிற பையன்கள் ஒரு முப்பது பேர் இருப்பார்கள். அதில் ஒருவன் போன மாதம் என்னிடம் ஐந்து வெள்ளி கடன் கேட்க வந்தான். மணிக்கட்டில் ஓர் எண்ணை நீலப் பேனாவால் எழுதி வைத்திருந்தான். இங்கே குண்டர் கும்பல்களுக்கு அடையாளமே எண்தான். பச்சை குத்தவில்லை, பேனாதான். அதைப் பார்த்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நிர்வாகக்குழு போட்ட திட்டம் இது: ஒரு பேருந்து எடுத்து எல்லாரையும் சிறைச்சாலைக்குக் கூட்டிப்போய், உள்ளே இருக்கும் கைதிகளை விட்டு "எங்களைப் போல் ஆகிவிடாதீர்கள்" என்று பேச வைப்பது, அப்புறம் மூன்று நாள் தன்முனைப்பு (ஊக்கமூட்டும்) முகாம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அண்ணன் மகளிடம் சொன்னால் (யூ.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறாள்) அவள் முகமே மாறிவிட்டது. "சித்தப்பா, இது வேண்டாம், இப்படிக் கூட்டிப்போன பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகத் தப்பு செய்தார்கள் என்று சிஸ்டமேட்டிக் ரிவியூவே இருக்கிறது" என்று கைப்பேசியில் என்னவோ அனுப்பினாள். எல்லாம் ஆங்கிலம், பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு எண்கள்.

அடுத்த கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பொருளாளர் ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிட்டார்: "அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி பாகான் டாலாம் பையனுக்கு எப்படிப் பொருந்தும்?" பதில் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி கூட்டம். அந்த சிஸ்டமேட்டிக் ரிவியூ என்றால் என்ன, அதை எவ்வளவு நம்பலாம், அதை வைத்து எங்களைப் போன்றவர்கள் என்ன முடிவு எடுக்க முடியும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நூலகப்பூனை (குளுகோர்)

அண்ணே, உங்கள் அண்ணன் மகள் சொன்னது சரி. அவளைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நாற்காலிதான் எட்டு காலியாக இருக்கிறதே.

ஒரு திட்டம் நல்லதா இல்லையா என்று நாம் எப்படி முடிவு செய்கிறோம்? முகாமின் கடைசி நாள் பையன்களிடம் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்வோம். எல்லாரும் "மிகச் சிறப்பு" என்று எழுதுவார்கள், ஏனென்றால் எழுதினால்தான் பேருந்து கிளம்பும். அந்தத் தாள் அறிக்கையில் போகும், அடுத்த வருடம் மறுபடி மானியம் கிடைக்கும். ஆராய்ச்சியிலும் இந்த வேலை நடக்கிறது, நல்லபடியாக வந்த ஆய்வை அச்சில் போடுவார்கள், சொதப்பியது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். சிஸ்டமேட்டிக் ரிவியூ இதற்கு எதிராகக் கண்டுபிடித்த ஏற்பாடு. என்ன கேள்வி, எப்படிப்பட்ட ஆய்வைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்பதையெல்லாம் தேடுவதற்கு முன்னாலேயே எழுதிப் பகிரங்கமாக வைத்துவிட வேண்டும். பிறகு அச்சில் வந்தது, வராதது, மாணவர் எழுதிய ஆய்வேடு என்று எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். எதைச் சேர்ப்பது என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் பேசித் தீர்க்க வேண்டும். அப்புறம்தான் எண்களைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது. தனக்குப் பிடித்த ஐந்து ஆய்வை எடுத்துக்காட்டிப் பேசுவதற்கு இங்கே இடமில்லை. மருத்துவத்தில் இதைச் செய்கிற காக்ரேன் அமைப்பு 1993இல் தொடங்கியது. சமூகநலம், கல்வி, குற்றத்தடுப்பு இதற்கெல்லாம் அதே மாதிரி கேம்பல் அமைப்பு 2000இல் வந்தது. கேம்பல் ஆய்வுத் தொகுப்புகளை இணையத்தில் காசு இல்லாமலே படிக்கலாம். எளிய மொழியில் ஒரு சுருக்கமும் போடுவார்கள், அதைப் படித்தாலே பாதி விஷயம் புரியும்.

உங்கள் திட்டத்துக்கு அங்கே பெயரே இருக்கிறது, ஸ்கேர்ட் ஸ்ட்ரெயிட். நியூ ஜெர்சியில் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் 1970களில் தொடங்கியது. அதைப் பற்றி 1978இல் ஓர் ஆவணப்படம் வந்து ஆஸ்காரும் வாங்கியது, அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறகு பெட்ரோசினோ என்பவரும் கூட்டாளிகளும் எல்லா ஆய்வுகளையும் தேடிச் சலித்து எடுத்தார்கள். கடைசியில் தேறியது 9. 1967 முதல் 1992 வரை 8 மாநிலங்களில் நடந்தவை, எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள். ஏறக்குறைய சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிறைக்குக் கூட்டிப்போய், மறு பாதியைக் கூட்டிப்போகாமல் விட்டுப் பார்த்த ஆய்வுகள். எண்களைச் சேர்த்தால், போய் வந்தவர்கள்தான் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். பலனே இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, கெடுதல் செய்திருக்கிறது. 2011இல் கலிபோர்னியாவும் மேரிலாந்தும் இந்த மாதிரித் திட்டங்களை நிறுத்தி வைத்ததற்கு இந்த ஆய்வுகளும் காரணம்.

செந்தூல் ரயிலடி

பூனை எண்ணில் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். படிவம் 2 படிக்கும்போது என்னையும் இப்படி ஒரு சிறைக்குக் கூட்டிப்போனார்கள், எந்த ஊர், யார் கூட்டிப்போனது என்பதெல்லாம் வேண்டாம்.

போகும்போது பேருந்தில் பாட்டு, கூச்சல். உள்ளே நுழைந்ததும் ஒரு மாதிரி பினாயில் வாசனை, இரும்புக் கதவு சாத்துகிற சத்தம், உண்மையிலேயே எனக்கு வயிறு கலக்கியது. ஒரு மூன்று நாள் ஒழுங்காக இருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் நடந்தது வேறு. பேச வந்த கைதிகளில் ஒருவர் எங்கள் தாமானை (குடியிருப்பை) சேர்ந்தவர். பெரிய கை. வெளியே இருந்தபோது அவரை நாங்கள் தூரத்தில்தான் பார்த்திருக்கிறோம். அவர் மைக்கைப் பிடித்து "தம்பிகளா, என்னைப் போல ஆகிடாதீங்க" என்று கண் கலங்கிப் பேசினார். ஆசிரியர்கள் எல்லாம் உருகிவிட்டார்கள். பேசி முடித்துப் போகும்போது எங்கள் கும்பலில் மூத்தவனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பேருந்தில் அந்தத் தலையாட்டல்தான் பேச்சு. "என்னை அவருக்குத் தெரியும்டா" என்று அவன் ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அன்றைக்குக் கிடைத்தது சான்றிதழ்.

இன்னொன்று. அந்தப் பேருந்தில் ஏறும் வரைக்கும் வேறு பள்ளிப் பையன்களை எனக்குத் தெரியாது. இறங்கும்போது ஆறு பேரைத் தெரியும். அந்த ஆறில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம்.

கேட்டுவைப்போம்

மன்னிக்கவும், நான் பொருளாளர் பக்கம். பூனை சொன்ன 9 ஆய்வும் அமெரிக்கா, கடைசி ஆய்வு 1992. அப்போது நம் பையன்களின் அப்பாக்களே பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். அங்கே துப்பாக்கி, வேறு விதமான சிறை, வேறு விதமான குடும்பம். இங்கே தாத்தா பாட்டி இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, மானம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதினால் வேதவாக்கா? என் பெரியம்மா மகனையும் இப்படித்தான் கூட்டிப்போனார்கள், இன்றைக்கு அவன் சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். அதற்கு என்ன சொல்வீர்கள்?

நூலகப்பூனை (குளுகோர்)

நல்ல கேள்வி, கோபமில்லை. முதலில் லாரிக்கார அண்ணனைப் பார்ப்போம்.

ராவே திட்டத்தை ஃபின்கெனாவர் என்பவர் தனியாக ஆராய்ந்து 1982இல் எழுதினார். சின்ன ஆய்வுதான், மொத்தமே 81 பேர். சிறைக்குப் போய் வந்தவர்களில் 41 விழுக்காட்டினர் மறுபடி குற்றம் செய்தார்கள், போகாதவர்களில் 11 விழுக்காட்டினர். இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். போய் வந்தவர்களில் 59 விழுக்காட்டினர் மறுபடி தப்புக்குப் போகவில்லை! பாதிக்கு மேல்! திட்டம் நடத்தியவர் அந்த 59ஐ மேடையில் ஏற்றி மாலை போடுவார், நாமும் கை தட்டுவோம், அதில் ஒருவர் உங்கள் பெரியம்மா மகன். ஆனால் எங்கும் கூட்டிப்போகாமல் சும்மா விட்டவர்களில் 89 விழுக்காட்டினர் தாமாகவே ஒழுங்காக இருந்தார்கள். அவர்களை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை, ஏனென்றால் அவர்கள் எந்தத் திட்டத்திலும் இல்லை. ஒப்பிட ஓர் ஆள் இல்லாமல் ஒரு திட்டத்தை எடைபோடவே முடியாது என்பது இதனால்தான். நம் சங்கங்களில் முப்பது வருடமாக இந்த மறு பாதியை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

81 பேரை வைத்து மட்டும் நானும் எதையும் நம்பமாட்டேன். பல இடத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் சாய்ந்தது என்பதால்தான் நம்புகிறேன்.

அமெரிக்கா விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாகான் டாலாமில் ஒட்ட முடியாது. ஆனால் எண் பயணப்படாவிட்டாலும் காரணம் பயணப்படும். செந்தூல் அண்ணன் சொன்ன தலையாட்டலும், பேருந்தில் கிடைத்த ஆறு நண்பர்களும் அமெரிக்கச் சரக்கா? டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999இல் எழுதியது இதைத்தான்: தடம் மாறுகிற வயதில் இருக்கும் பையன்களை ஒன்றாகக் கூட்டினால் ஒருவன் சொல்கிற வம்புக்கு மற்றவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பே பாடம் ஆகிவிடுகிறது.

இதில் ஜோன் மெக்கார்டின் கதை எனக்கு மறக்கவே மறக்காது. மாசசூசெட்ஸில் 1939இல் ஒரு பெரிய திட்டம், 506 பையன்கள், ஜோடி ஜோடியாக ஒரே மாதிரியானவர்களைத் தேர்ந்தெடுத்து, காசு சுண்டிப் போட்டு, ஒருவனுக்கு உதவி, ஒருவனுக்கு ஒன்றும் இல்லை. உதவி என்றால் சும்மா இல்லை, சராசரியாக ஐந்து வருடம் ஆலோசகர் வீட்டுக்கே வருவார், பாடம் சொல்லிக்கொடுப்பார்கள், கோடைக்கால முகாமுக்கு அனுப்புவார்கள். முப்பது வருடம் கழித்து மெக்கார்ட் அந்தப் பையன்களைத் தேடிப் போனார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். குடி, மனநோய், சீக்கிரம் சாவது, திரும்பத் திரும்பக் குற்றம் என்று பதிவேடுகளைப் பார்த்தாலோ உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலைமை மோசம். 1978இல் இதை வெளியிட்டார். பிற்பாடு அலசியபோது முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள் என்றும் தெரிந்தது. அண்ணே, உங்கள் மூன்று நாள் முகாமையும் கொஞ்சம் யோசியுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லீமாவ் அக்கா (பந்தாய் டாலாம்)

பையன்கள் விஷயம் எனக்குத் தெரியாது, நான் சின்னப் பிள்ளைகள் பக்கம். ஆனால் இந்த மாதிரி ஆய்வுத் தொகுப்பு ஒன்று என் வேலையையே மாற்றியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் மலிவு விலை அடுக்குமாடிகளில் யூனிசெப் நடத்திய ஆய்வு 2018இல் வந்ததே, 17 இடம், 966 குடும்பம், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று. அதைப் படித்துவிட்டு நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து மாதாமாதம் பால்மாவு, முட்டை, பருப்பு என்று பொட்டலம் கட்டி வீட்டு வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆறு மாதம் ஆயிற்று. ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண்பிள்ளை, எடை ஏறவே இல்லை. அவள் அம்மாவிடம் பால்மாவு டின் எங்கே என்றேன். அடுப்பு மேல் இருந்தது, காலி. நாலு பிள்ளைகளுக்கும் கலக்கியிருக்கிறாள், ராத்திரி காவல் வேலை முடிந்து வந்த கணவருக்குத் தேநீரில் போட்டிருக்கிறாள், மாமியாருக்கும் ஒரு கோப்பை. நாலு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் எந்த அம்மா கலக்குவாள்? எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, எங்கள் மேல்தான் வந்தது.

அப்புறம்தான் ஒரு தோழி 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பைக் காட்டினாள், ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவு கொடுப்பது பற்றி, மூன்று மாதம் முதல் ஐந்து வயது வரை, 32 ஆய்வுகள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தால் அந்த உணவின் சக்தியில் 36 விழுக்காடுதான் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது, ஒரு பராமரிப்பு இல்லத்திலோ உணவு மையத்திலோ வைத்து ஊட்டினால் 85 விழுக்காடு. அந்த எண்ணைப் பார்த்தபோது அடுப்பு மேல் இருந்த டின்தான் கண்ணில் வந்தது. இப்போது பொட்டலம் இல்லை. கீழ்மாடியில் ஒரு அறை, வாரம் நாலு நாள், காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்து எங்கள் முன்னால் பசியாறிவிட்டுப் போகிறார்கள். செலவு கொஞ்சம் கூடத்தான், பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், மழை பெய்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், யூனிசெப் ஆய்வு எங்களுக்குப் பிரச்சினையைக் காட்டியது, என்ன செய்தால் தீரும் என்று அது சொல்லவில்லை. நாங்கள்தான் பிரச்சினை தெரிந்ததும் தீர்வும் தெரிந்துவிட்டதாக நினைத்துப் பொட்டலம் கட்டப் போய்விட்டோம்.

கேட்டுவைப்போம்

அக்கா சொன்னது புரிகிறது. பூனை சொன்ன 59ஐயும் ராத்திரி முழுக்க யோசித்தேன், சரிதான். ஆனால் எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்றால் அந்த 18,000 வெள்ளியை என்ன செய்வது, வங்கியில் போட்டு வட்டி வாங்குவதா?

நூலகப்பூனை (குளுகோர்)

ஹாஹா, அதுவும் சிறைக்குக் கூட்டிப்போவதற்கு மேல்தான்.

சரி, வழிகாட்டி முறை என்று ஒன்று இருக்கிறது, ஒரு பெரியவருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள், வாராவாரம் சந்திப்பது. டோலனும் கூட்டாளிகளும் தொகுத்த கேம்பல் ரிவியூ, 46 ஆய்வுகள். நல்ல பலன்தான், ஆனால் சின்னது. அற்புதம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மனசுக்கு ஆறுதலாக நிற்பதை முக்கியமாக வைத்த திட்டங்களில் பலன் கூடுதல். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 2002இல் கிராஸ்மேன், ரோட்ஸ் இருவர் பார்த்ததில் ஒரு வருடம் தாண்டிய உறவுதான் அதிகம் பலன் தந்தது, மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளைகளுக்குத் தன் மேலேயே இருந்த மதிப்பு குறைந்துபோனது. மெக்கார்ட் பார்த்த திட்டமும் அன்பான ஆட்கள் செய்ததுதான் என்பதை மறக்கவேண்டாம். ஆகவே தீபாவளி வரைக்கும் வருவேன், அப்புறம் வேலை இருக்கிறது என்கிற ஆட்கள் தயவுசெய்து கை தூக்கவே வேண்டாம்.

முப்பது பேருக்கும் வழிகாட்டி கிடைக்கமாட்டார்கள். அப்போது யாருக்குத் தெரிந்த பையன் என்று பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், நியாயமாகவும் இருக்கும், பொறாமையும் இருக்காது. அதை வைத்து ஆராய்ச்சி முடிவு எதுவும் வராது, முப்பது பேர் போதவே போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகுத்துறை (பட்டர்வொர்த்)

கூட்டம் முடிந்தது. எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மகளைக் கூட்டிப்போனேன். அவள் எண் எதுவும் பேசவில்லை, செந்தூல் அண்ணன் எழுதியதைத்தான் வாசித்துக் காட்டினாள். அந்தத் தலையாட்டல் வந்த இடத்தில் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். சிறைப்பயணம் ரத்து. பேருந்துக்குக் கட்டிய முன்பணம் 300 வெள்ளி போச்சு. முகாம் ரத்தாகவில்லை, தலைவர் இடம் பேசி வாக்குக் கொடுத்துவிட்டாராம், அவர் முகத்துக்காக ஒரு நாள், அப்பா அம்மாவும் கூட வரவேண்டும் என்று சுருக்கினோம். இது நல்லதா கெட்டதா என்று யாரும் தயவுசெய்து என்னிடம் இப்போது சொல்லவேண்டாம்.

வழிகாட்டிக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு வருடம் என்றதும் நாலு பேர் போய் நாலு பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் பொருளாளர். ஆளுக்கு இரண்டு பையன்கள், சனிக்கிழமை சாயங்காலம். கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்து முப்பது சீட்டும் குலுக்கி எட்டு எடுத்தோம்.

பேனாவால் எண் எழுதிய பையன் பெயர் வரவில்லை. ஆனால் முதல் சனிக்கிழமை அவன் மண்டபத்து வாசலில் யாருடையதோ மோட்டார் மேல் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றரை மணி நேரம். பூனை, சீட்டில் வராதவனை உள்ளே விட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா?

நூலகப்பூனை (குளுகோர்)

விடுங்கள் அண்ணே. இதில் கணக்கு எதுவும் வராது என்று முன்னாலேயே சொன்னேனே. ஆனால் யார் அவனுக்கு ஒரு வருடம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

படகுத்துறை (பட்டர்வொர்த்)

நான்தான். சனிக்கிழமை அவனுக்குக் கணக்குப் பாடமாம். எனக்குப் படிவம் 2 கணக்கு மறந்துபோச்சு, யாரிடமாவது பழைய பயிற்சிப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.